அத்தான் பார்க்கத் தொடங்கிய தொடர்

லிஃப்ட் பழுது பார்க்கும் அவனை வேலையிடத்தில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ‘தொலைவெளி’ என்ற விண்வெளித் தொடர்மேல் அப்படி ஒரு பைத்தியம். அவன் பள்ளிக்கூடம் போகும்போது ஆரம்பித்த தொடர், கிளைத்தொடர்களும் சினிமாக்களுமாக இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் தளபதிகள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், இவன் மாறவில்லை.

அவன் அக்காவின் புருஷனுக்கு இதைக் கண்டாலே ஆகாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அதட்டி அதட்டிக் கரகரத்துப்போன குரல். “முதுகுல செதில் ஒட்டினவன் பேசுறான், நீயும் வாயைப் பிளந்துக்கிட்டுப் பாக்குறே” என்று கல்யாணமான நாளிலிருந்து கிண்டல்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு மதியம் தனியாக வந்து, “மாப்ளே, அந்தத் தொடரைப் போடேன், பாப்போம்” என்றார்.

கேப்டனுக்குச் சந்தேகம் தட்டியது. அலமாரியில் அவன் சேர்த்து வைத்திருந்த, தொடரில் வரும் கப்பல்களின் பழைய பொம்மைகளுக்கு வெளியே நல்ல கிராக்கி. அதில் கண் விழுந்துவிட்டதோ? காபி போடப் போகும் சாக்கில் அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அத்தான் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வந்தார். சண்டைக் காட்சிகளை ஓட்டிவிடச் சொன்னார். “அந்த வாய் பேசாத கூட்டம் வருமே, அதைப் போடு.”

மோனர்கள். குரலே இல்லாத, விரல்களால் மட்டும் பேசும் வேற்றுக்கிரகத்தார். அந்த விரல்மொழியைச் சின்ன வயதில் கேப்டனும் அக்காவும் கரைத்துக் குடித்திருந்தார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் சாப்பாட்டு மேசையில் அதில்தான் பேசிக்கொள்வார்கள். இப்போதும் அத்தானைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அதுதான்.

ஒருநாள் சமையலறை வாசலிலிருந்து பார்த்தான். தலையணைக்கு அடியில் அத்தானின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அப்போது அவருக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. “வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்று கூசாமல் பொய் சொன்னார்.

தானும் அக்காவும் பேசுவதை ஒட்டுக்கேட்கத்தான் இந்த வேஷம் என்று கேப்டன் முடிவுகட்டினான். அதனால், “‘பயப்படாதே’ன்னு எப்படிடா சொல்றது?” என்று அத்தான் கேட்டபோது, ‘கதவைச் சாத்து’ என்பதற்கான சைகையைக் காட்டிக்கொடுத்தான். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பார்க்கப் பார்க்க இவனுக்குப் பொறுக்கவில்லை.

“அத்தான், யாரை வேவு பாக்கிறதுக்கு இதெல்லாம்?”

அவர் டிவியை நிறுத்தினார். “தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுக்கணும்னுட்டாங்க. அடுத்த மாசம் ஆபரேஷன்.”

கேப்டன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “நிஜமான சைகை மொழிக்கே வகுப்பு இருக்கே அத்தான்” என்றான்.

“சேரத்தான் போறேன். ஆனா உங்க அக்கா அதைக் கத்துக்க நாளாகும். கண்ணு முழிச்சதும் அவகிட்ட நாலு வார்த்தை பேசணும்டா. அவளுக்கு இதுதானே தெரியும்.”

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“வாய் வரலை.”

“இன்னிக்குச் சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டே, “நான் காட்டினதுல ஒண்ணு தப்பு. கையைக் குடுங்க” என்றான்.

“தப்புன்னா?”

“வேணும்னே தப்பாச் சொன்னேன். உங்க மேல சந்தேகம்.”

அத்தான் கையை நீட்டினார்.

அன்று மாலையே அவர் அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா அழுதாள், அதோடு, தன்னிடம் மறைத்ததற்காக ஆபரேஷன் வரைக்கும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவேயில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட கழுத்தோடு அத்தான் கண் விழித்து, விரல்களால் தான் கற்றதை மெல்ல மெல்லச் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் விரல்களில் வந்து கொட்டியது. அந்த வேகத்தில் அத்தானுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. என்னடா சொல்கிறாள் என்பதுபோல் கேப்டனைப் பார்த்தார்.

அவன் மொழிபெயர்க்கவில்லை. அக்கா உட்கார நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனான்.