பிரிட்சர்ட் மூக்கு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னவர் பெரில் பிரிட்சர்ட். வருகிற சனிக்கிழமை அவருக்கு எண்பது வயது. சீயோன் சபைக் கூடத்தில் இரண்டு மணிக்கு, கேக் வெட்டுவதற்கு முன்னால், நான் எழுந்து வாசிக்க வேண்டும். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'இரண்டு குடும்பம் ஒன்றான கதை.'

இருபத்தாறு வருடம் சிலேட்டுக் குவாரியில் கல் பிளந்தவன் நான். முதுகு போன பிறகு, செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் மேசை போட்டு, வம்சம் தேடி வருகிறவர்களுக்குப் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கொடுக்கிறேன். அப்பன் பேர் தெரியாத தாத்தாவைத் தேடி வருகிறவர்களே பாதி. (பேர் தெரிந்தாலும் பெரிய லாபமில்லை. எங்கள் வட வேல்ஸ் மலையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் ஒரு ஜோன்ஸ் இருப்பார்.)

இந்தச் செவ்வாய் மெய்னிர் ராபர்ட்ஸ் வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூடப் படித்தவள். மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

போன கிறிஸ்துமஸுக்குப் பெரில் ரத்த உறவு காட்டும் எச்சில் சோதனைப் பெட்டி இரண்டு வாங்கி, ஒன்றைத் தங்கை முறையான இவளுக்குக் கொடுத்திருந்தார். பெரிலுக்குக் கணினி ஆகாது. அதனால் இரண்டு முடிவும் மெய்னிருக்கே வந்தன; பெரில் இன்னும் பார்க்கவில்லை.

"நேரா சொல்லுடா எம்ரிஸ்."

"உனக்கும் பெரிலுக்கும் ரத்தத்துல ஒட்டே இல்ல."

"அத நானே படிச்சுட்டேன். கீழ ஏதாச்சும் போட்டிருக்கானா?"

"எங்கள் சேவை பிடித்திருந்தால் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்னு போட்டிருக்கான்."

2.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'1934, ஒரு மழைநாளில் மோர்வித் என்ற வேலைக்காரப் பெண்—'

(வேண்டாம். இங்கே மழையில்லாத நாள் என்றால்தான் எழுதிவைக்க வேண்டும்.)

'பனிபோல் வெளுத்த முகத்தோடு, கண்ணீர் ததும்ப—'

(இதுவும் வேண்டாம். மோர்வித் தினம் இரண்டு மூட்டை நிலக்கரியை மாடிக்குச் சுமந்தவள். வெளுத்த முகத்துக்கு ஏது நேரம்?)

சரி, நடந்ததை மட்டும் சொல்கிறேன். மோர்வித் ராபர்ட்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயிறு தெரிந்தது. பிப்ரவரியில் சபை கூடி அவளை விலக்கியது. குறிப்பேடு இன்னும் இருக்கிறது: 'விபசாரத்துக்கு எதிரான ஏழாம் கட்டளை மீறல். முன்மொழிந்தவர் எலையஸ் பிரிட்சர்ட்.' மளிகைக்கடைக்காரர், சபை மூப்பர், ஊரிலேயே பெரிய மூக்குக்குச் சொந்தக்காரர்.

மே மாதம் மகன் பிறந்தான். தாலி கட்டாத தகப்பன், மன்னிக்கவும், மோதிரம் போடாத தகப்பன் தானே வந்து கையெழுத்துப் போட்டால்தான் பதிவேட்டில் அவன் பேர் ஏறும். வராத தகப்பன்களுக்கு எங்கள் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தகப்பன் கட்டத்தில் எழுத விடாத பேரைப் பிள்ளையின் பேருக்கு நடுவில் சொருகிவிடுவார்கள். அதைத் தடுக்கச் சட்டமில்லை. மோர்வித் மகனுக்கு வைத்த பேர்: டெக்வின் பிரிட்சர்ட் ராபர்ட்ஸ்.

வேறென்ன வேண்டும்? எலையஸ் செத்த நாள்வரை மறுத்தார். மறுக்க மறுக்கப் பிள்ளையின் மூக்கு வளர்ந்தது. மூன்று வயதில் ஊர் மொத்தமும் அதைப் பார்த்துவிட்டது. இரண்டு குடும்பமும் எண்பத்தொன்பது வருடம் முகம் பார்த்துப் பேசவில்லை.

அந்த டெக்வினின் மகள்தான் மெய்னிர். எலையஸின் மகன் ஹவெல். ஹவெலின் மகள் பெரில்.

இரண்டு வருடத்துக்கு முன் டெக்வின் இறந்தார். அடக்கத்தன்று குடும்பத்தாருக்கான முன்வரிசையில் மெய்னிர் தனியாக உட்கார்ந்திருந்தாள். கூடப்பிறந்தவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பெரில் நேராக நடந்து வந்தார்.

"தள்ளி உக்காரு. செத்தது என் சித்தப்பா. நான் வேற எங்க உக்காருறது?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பெரில் வீட்டில் ஆட்டுக்கறி. மெய்னிருக்கு முழங்காலில் அறுவை நடந்தபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது பெரில்தான்.

3.

முதல் வரைவை எழுதி முடித்தபோது எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அதில் மோர்வித் பழிவாங்குகிறாள். விலக்கியவர்களில் முதலில் கை தூக்கியவன் யாரோ, அவன் பேரையே எடுத்துப் பிள்ளைக்கு வைத்துவிடுகிறாள். உண்மையான தகப்பன் ஏதோ ஒரு குவாரிக்காரன். கைக்குக் கிடைத்த ஒரே கல்லை அவள் குறி தவறாமல் எறிந்தாள் என்று முடித்திருந்தேன்.

மெய்னிருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. பொய்க்காரி பேத்தின்னு சனிக்கிழமை நான் எழுந்து நிக்கணுமா?"

"நீ உக்காந்தே இருக்கலாம். வாசிக்கப்போறது நான்தானே."

"ஒனக்கென்னடா, ஒனக்கு மூணு அண்ணன். எனக்கு இந்த வயசுல கெடைச்சது ஒரே ஒரு அக்கா."

(இந்த இடத்தில் எழுத்தாளனாக நான் ஒரு நல்ல பதில் வைத்திருக்க வேண்டும். தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.)

4.

வியாழக்கிழமை பெரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கதையோடு சேர்த்து அச்சடிக்க ஒரு பழைய புகைப்படம் கொண்டுவந்திருந்தார்.

"எழுதி முடிச்சியாப்பா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"முடிவு என்ன முடிவு, கேக்குதான் முடிவு. இந்தா, படத்தைப் பாரு."

நடுவில் பையனாக ஹவெல். ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் எலையஸ், மூக்கு புகைப்படத்துக்கு வெளியே போய்விடும்போல. ஹவெலுக்குச் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு மூக்கு. நிமிர்ந்து பெரிலைப் பார்த்தேன். அதே பொத்தான்.

"எங்கப்பாவுக்கும் வரல, எனக்கும் வரல" என்று பெரில் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "மெய்னிர் பாவம், முழுசா வாங்கிட்டா."

அவர் போன பிறகு எழுதியதையெல்லாம் அடுப்புக்குள் போட்டேன். இதை நீங்கள் முன்பே கவனித்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை. இரண்டு பெண்களுக்கும் ரத்தத் தொடர்பு இல்லை என்றுதான் சோதனை சொன்னது. அறுந்தது எந்தப் பக்கம் என்று அது சொல்லவே இல்லை. பதிவேட்டில் தகப்பன் பேர் இல்லாதவன் டெக்வின். அதனால் அறுந்தது அவன் பக்கம்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கல்யாணத்தில் பிறந்த ஹவெலைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. பிறப்பைத் தோண்டியே பொழுது போக்குகிறவன் நான், சபை மூப்பர்கள் மாதிரி யோசித்திருக்கிறேன்.

(மூக்கு சாட்சியல்ல. தாய்வழி மூக்கு என்றும் ஒன்று உண்டு. தெரியும். கனடாவில் எலையஸின் மகள்வழிப் பேரன் ஒருவன் இருக்கிறான். அவன் எச்சில் அனுப்பினால் தெரிந்துவிடும். ஆறு வாரம் ஆகும். பிறந்தநாள் நாளை மறுநாள்.)

5.

மெய்னிரிடம் சொன்னேன். கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் நெஜ பிரிட்சர்டா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அக்காவுக்குத் தாத்தா இல்லாமப் போயிடுவாரு."

"உனக்கும் போகலாம். எதுன்னு தெரியாது."

"எனக்குப் பழகிப்போச்சுடா. பள்ளிக்கூடத்துலயே கேலியெல்லாம் கேட்டாச்சு. அவளுக்குப் பழக்கமில்லையே." காலடிக்கு வந்த கோழியை ஒதுக்கிவிட்டாள். "வாசிச்சா எங்கப்பா பிரிட்சர்ட் இல்லேன்னு வாசி. அந்தப் பழிவாங்குற கதையவே வாசி. அவ பக்கம் தொடாத."

"அது பொய்யா இருந்தா?"

"ஒன்கிட்ட உண்மை இருக்கா?"

இல்லை.

"அப்படி வாசிச்சா அவங்க உன்ன விட்டுடுவாங்களே."

"விட்டாலும் விடட்டும்" என்றாள் மெய்னிர். கிண்ணத்தை எடுத்தாள். அது காலியாக இருந்தது. இருந்தும் கையை விட்டுத் துழாவினாள்.

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மெய்னிர் கேட்டபடி ஒன்று: பெரில் எழுந்து அவளைக் கட்டிக்கொள்கிறார். (கேக்கின் மேல் சர்க்கரை போதும்.) இன்னொன்றில் பெரில் கேக்கை வெட்டாமலே வெளியே போகிறார். மூன்றாவதில் நான் சோதனையைப் பற்றி வாயே திறப்பதில்லை. எல்லோரும் சாப்பிடுகிறோம், மெய்னிர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டுக்கறியைத் திருடித் தின்பதுபோலத் தின்கிறாள். நான்காவது: இருப்பது இதுதான், அறுந்த பக்கம் தெரியாது என்று இரண்டு பேரிடமும்— 

இதற்கு மேல் பேனா ஓடவில்லை.

இன்று சனிக்கிழமை. இரண்டு மணியாக இன்னும் ஐந்து நிமிடம். கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில். மெய்னிர் கோட்டைக் கழற்றவில்லை; எந்த நேரமும் எழுந்து போகத் தயாரானவள் மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெரில் தன் கைப்பையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, "பிடிச்சுக்க, கீழ வைக்காத" என்கிறார். அவள் பிடித்துக்கொள்கிறாள். எழுந்து போக முடியாது இனி.

ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஏழாவது பக்கம் வெள்ளை. எனக்குத் தெரிந்தது அவ்வளவும் உங்களுக்கும் தெரியும். இந்தாருங்கள், தாளைப் பிடியுங்கள். எதை வாசித்தாலும் சத்தமாக வாசியுங்கள். பெரிலுக்குக் காது கொஞ்சம் மந்தம். காதில் விழாவிட்டால் மெய்னிரிடம்தான் திரும்பி, என்ன வாசித்தார்கள் என்று கேட்பார்.