தொட்டி நிற்கும் நேரம்

துணி பிழியும் தொட்டியின் பிரேக் அன்று காலை, என் இரவு ஷிப்ட் முடியும் நேரம் பார்த்துக் கைவிட்டது. சுவிட்சை அணைத்தேன், தொட்டி தன் பாட்டுக்குச் சுற்றியது. முழுவதும் நின்றால்தான் மூடியின் பூட்டு விடும்.

எங்கள் நிலவறைச் சலவைக்கூடத்தில் துணியைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். உள்ளே துணி இருந்தால் அடுத்த ஷிப்ட்காரர் பொறுப்பேற்க மாட்டார். எனக்கோ இயற்பியல் பரீட்சை. பாதியில் விட்ட படிப்பில் மிச்சமிருந்த ஒரே தாள், கடைசி வாய்ப்பு. தேறினால் பட்டம்; பட்டம் வந்தால் இந்த நிலவறையை விட்டுப் போகலாம். மனைவியின் தம்பி பைக்கோடு வாசலில் நின்றான். கால் மணி நேரத்துக்குள் கிளம்பினால் பரீட்சைக் கூடத்தின் கதவைச் சாத்துமுன் போய்விடலாம். பேருந்தை நம்ப முடியாது.

"அண்ணே, இந்த ஒரு தடவை நீங்களே எடுத்துடுங்களேன்."

பகல் ஷிப்ட்காரர் தேநீரை ஊதினார். "நீ பெத்த புள்ளைக்கு நான் தாலாட்டவா? ஒரு துணி கிழிஞ்சிருந்தாலும் என் தலைதான் உருளும்."

வேகமுள்ளைப் பார்த்தேன். அணைத்தபோது தொள்ளாயிரம் சுற்று. ஒரு நிமிடம் கழித்து எண்ணூற்று ஐம்பது. சுழற்சிப் பாடத்தின் முதல் கணக்கே இதுதான். நிமிடத்துக்கு ஐம்பது குறைந்தால் நிற்க இன்னும் பதினேழு நிமிடம். சோப்புக்கட்டியால் சுவரில் எழுதிச் சரிபார்த்தேன். மாறவில்லை. நாசமாய்ப் போன விடை.

"எழுதினா நின்னுடுமா?"

"எப்ப நிக்கும்னு தெரியும்ணே."

"என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. நிக்கும்போது நிக்கும்."

போனில் மச்சானைப் போகச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் பாக்குறேன் மச்சான். அக்கா கேட்டா நான் என்ன சொல்ல?"

"கணக்குப் போட்டுட்டேன்டா. முடியாது. நீயாவது வேலைக்கு நேரத்துக்குப் போ."

போய்விட்டான்.

ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. முள் இருநூற்று ஐம்பதுக்கு இறங்கியதும் தொட்டி ஆட ஆரம்பித்தது. அடியில் இருந்த ஸ்பிரிங்குகள் எந்திரத்தையே தூக்கித் தூக்கிப் போட்டன. தேநீர் சிந்தியது. சுழற்சியில் மிச்சமிருந்ததையெல்லாம் அந்த ஆட்டம் தின்று தீர்த்தது. முள் சரிந்து விழுந்தது. தொட்டி நின்றது. பூட்டு டக்கென்று விட்டது.

என் கணக்கைவிட ஐந்து நிமிடம் முன்னதாக. துணியை அள்ளிப் போட ஒரு நிமிடம் போதும்; கால் மணிக்குள் கிளம்பியிருக்கலாம். சுழற்சி ஒரு பாடம், இந்த ஆட்டத்தைச் சொல்லும் அலைவு அடுத்த பாடம். இரண்டையும் தனித்தனியாகத்தான் படித்திருந்தேன்.

மச்சானைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பைக் ஓட்டும்போது அவன் போன் எடுக்க மாட்டான். நல்ல பழக்கம். நான்தான் கண்டித்து வைத்தது.

"கணக்கு தப்பா போச்சா?" என்றார் அண்ணன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"கணக்கு சரிண்ணே. இந்தத் தொட்டிக்கு இல்ல."

"அப்ப ராத்திரி வந்துடுவ?"

"வராம?"

குனிந்து துணியை எடுக்கத் தொடங்கினேன்.