மூத்தது யாருக்கு?

"படிவத்துல அந்தப் பிள்ளையைப் பத்தி எழுதச் சொல்லி உன்னை யாருடி கேட்டது?"

குல்பாஷ் பரிசோதனைத் தாளைத் தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே விட்டெறிந்தாள். மருமகள் ரௌஷானுக்கு இது மூன்றாம் மாதம். 'நூற்றிருபதில் ஒன்று, அபாயம் அதிகம்' என்றிருந்தது தாளில். 'அந்தப் பிள்ளை', மூன்று வயது மெரேய், அம்மாவை ஒட்டி உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு குரோமோசோம் கூடுதலாக, டவுன் சிண்ட்ரோம் குறையோடு பிறந்தவள். தாள் சொன்னதும் அதே குறையின் அபாயத்தைத்தான். இன்னும் நாலு வார்த்தைதான் பேச்சு.

மெரேயைச் சுமந்தபோது இதே ரத்தப் பரிசோதனை ஆயிரத்து இருநூறில் ஒன்று என்றது. ஒன்றுமே இல்லை என்று குல்பாஷ் தானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு தெரு முழுக்கச் சொன்னாள். கஜகஸ்தானின் சிம்கென்ட் நகரத்துப் பழைய குடும்பங்களில் மூத்த பேரப்பிள்ளை தாத்தா பாட்டிக்குத்தான். அவர்களையே அப்பா, அம்மா என்று கூப்பிட்டு வளரும். தொட்டிலை வாங்கித் தன் அறையில் போட்டு வைத்தாள். பிள்ளைக்கு என்னவென்று மருத்துவர் சொன்ன அன்றைக்கே அந்தத் தொட்டில் ரௌஷானின் அறைக்கு வந்துவிட்டது. உன் வம்சத்து எலும்பு சரியில்லை என்ற பேச்சும் கூடவே வந்தது. என்ன மனசோ!

ரௌஷான் மருத்துவர் சொன்னதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். இந்த முறையும் ரத்தத்தில் கோளாறில்லை. முதல் பிள்ளைக்கு இருந்ததால் கணக்கே எண்ணை ஏற்றிவிடுகிறது. நூற்றிருபதில் நூற்றுப்பத்தொன்பது பேருக்கு இந்தக் குறை இருக்காது. இது தீர்ப்பில்லை, இன்னும் பார்க்கச் சொல்லும் குறிப்புதான்.

குல்பாஷ் காதில் எதுவும் ஏறவில்லை. இதுதான் முதல் பிள்ளை என்று படிவத்தை மாற்றி எழுது, இல்லாவிட்டால் கலைத்துவிடு என்றாள். ரௌஷானின் கணவன் தவ்லெத் சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"மெரேய் பொறக்கவே இல்லைன்னு என் கையால எழுத மாட்டேன், அத்தை."

மறுநாள் ரௌஷான் தனியாகவே போய், இன்னும் துல்லியமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அது அல்மாட்டி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரும்வரை வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குறைக்கான அறிகுறி இல்லை, ஆண் குழந்தை என்று பதில் வந்தது. அன்று மாலையே குல்பாஷ் அக்கம்பக்கத்துப் பெண்களைத் தேநீருக்குக் கூட்டிவிட்டாள். எல்லோர் முன்னாலும் மருமகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இவனை நான்தான் வளர்ப்பேன். அதுதானே நம்ம வழக்கம்?"

ரௌஷான் கெண்டியைக் கீழே வைத்தாள். மெரேயைத் தூக்கிக் கொண்டுபோய் மாமியார் மடியில் உட்கார வைத்தாள்.

"வழக்கம் மூத்ததுக்குத்தான், அத்தை. மூத்தது இதோ இருக்கு. எடுத்துக்குங்க."

மெரேய்க்கு ஒரே குஷி. ஈரக்கையால் குல்பாஷின் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா."

பிள்ளையை அணைக்கக் குல்பாஷின் கைகள் தரை மெத்தையை விட்டு எழவில்லை. அதை எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை ரௌஷான் காத்திருந்தாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டும் எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்குத் தேநீர் ஊற்றப் போனாள்.