உதடு படாத கிண்ணம்

விம்பிள்டன் புகைவண்டி நிலையத்தின் பின்தெருவில் பியேத்ரோ என்னும் இத்தாலியர் நடத்திய உணவகத்தில், தவநாயகி ஆறு ஆண்டுகளாகக் கிண்ணங்கள் கழுவிக்கொண்டிருந்தாள். 1986ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு முதன்முதலிற் கிடைத்த வேலை அதுவே. சுடுநீரும் சவர்க்காரமும் அவளுடைய விரலிடுக்குகளைப் பிளந்துவிட்டன. தண்ணீரில் கை வைப்பதை நிறுத்தாவிடின் எந்த மருந்தும் பயன் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆயினும் அவ்வேலை அவளுக்கு ஒரு தேர்ச்சியையும் தந்திருந்தது. கழுவுமுன் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்து பார்ப்பாள். எதற்கு எவ்வளவு சவர்க்காரம் வேண்டும் என்று அறிவதற்காகத் தொடங்கிய பழக்கம் அது. ஒருநாள், “ஏழாம் மேசைக்குக் கொடுத்த வைன் பழுதானது” என்று தொட்டியடியில் நின்றபடியே சொன்னாள். சிறிது நேரத்தில் ஏழாம் மேசைக்காரரும் எழுந்து வந்து அதையே முறையிட்டார்.

அன்று மாலை பியேத்ரோ அவளைத் தனியே அழைத்து, மனைவிக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் கண்ட கடுங்காய்ச்சலோடு அவருடைய மோப்ப உணர்வு போய்விட்டதாம். வைன் விற்று வாழும் மனிதருக்கு அதன் மணம் தெரியவில்லை! பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நிலவறையில் வைன் போத்தல்களைப் பொறுப்பேற்று, சோதித்து, அடுக்கும் வேலையைத் தவநாயகியிடம் கொடுப்பது. அந்த வேலையில் தண்ணீர் இல்லை. அவளுடைய கைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

“ஆனால் ஒன்று. முகர்ந்தால் மட்டும் போதாது. வாயிலும் விட்டுப் பார்க்க வேண்டும்” என்றார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒக்டோபரில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், பியேத்ரோவின் தம்பி இத்தாலியில் தானே வடித்து அனுப்பிய வைன் பெட்டிகள் வந்திறங்கின. ஆல்ப்ஸ் மலைப்பாறைகளுக்கு நடுவே, ஆறு கொணர்ந்து பரப்பிய கூழாங்கல் நிலத்தில் விளையும் தெரோல்தெகோ என்னும் கருந்திராட்சையின் வைன் அது. அம்மண்ணுக்கே உரிய பழம். நாற்பத்தெட்டுப் போத்தல்கள். ஞாயிற்றுக்கிழமை பியேத்ரோவின் மகளுக்குத் திருமண விருந்து.

பியேத்ரோ ஒன்றைத் திறந்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றினார். சமையற்காரன் அருள்நேசன் கதவருகே வந்து நின்றுகொண்டான்.

“அக்கா, பாத்து. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போவியள். பிள்ளையாருக்குத் தும்பிக்கை நீளம். மணந்து பிடிச்சிடுவார்.”

“நீ போய் உன்ர வெங்காயத்தை வெட்டு. அவரோட நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

வாய்க்குத்தான் சோதனை என்று எண்ணியமையால் அவள் மூக்கை மறந்தாள். கிண்ணத்தை நெற்றிக்கு மேலே உயர்த்தினாள். தலையை அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றினாள். ஊரார் வாய் வைத்த கிண்ணத்தில் வேறெப்படிக் குடிப்பது? குளிர்ந்த தாரை ஒன்று நேரே தொண்டைக்குள் இறங்கியது. சிறு புளிப்பைத் தவிர நாவுக்கு எதுவும் எட்டவில்லை.

பியேத்ரோவும் தம் கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டு, வியப்பு மாறாமல் அவளையே நோக்கினார். “நல்லதா?” என்று கேட்டார்.

“நல்லது, சேர்.”

அவர் நிலவறைப் பூட்டின் திறப்பை அவள் கையில் வைத்து அழுத்தினார். உடனே தொலைபேசியை எடுத்து, தம்பியோடு இத்தாலிய மொழியில் உரத்த குரலிற் பேசத் தொடங்கினார். சிரிப்பொலி சமையலறைவரை கேட்டது.

இவற்றோடு கழுவுதல் முடிந்தது என்று எண்ணியபடி தவநாயகி இரண்டு கிண்ணங்களையும் தொட்டியடிக்குக் கொண்டுசென்றாள். வழக்கம்போல் ஒன்றை முகர்ந்தாள். நனைந்த சாக்கின் நாற்றம். மற்றதை முகர்ந்தாள், அதிலும் அதே நாற்றம். போத்தலின் வாயிலும், அதன் தக்கையிலும் அதுவே.

அவள் முகத்தைக் கண்ட அருள்நேசன் நெருங்கி வந்தான்.

“என்ன, பழுதோ?”

“ஓம்.”

“ஒரு போத்தல்தானே அக்கா! ஊத்திப்போட்டுப் பேசாம இருங்கோ. திறப்பு கைக்கு வந்திட்டுது. ஆருக்குத் தெரியப்போகுது?”

“மிச்சம் நாற்பத்தேழு கிடக்குதடா. எல்லாத்தையும் நான் நல்லதெண்டு சொன்னதாத்தான் அந்தாள் நினைக்குது.”

“இப்ப போய்ச் சொன்னா, இவளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு திரும்பத் தொட்டியடிக்குத்தான் அனுப்புவார்.”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். ஈரத் துணியை எடுத்தாள், மீண்டும் வைத்தாள். பின்பு போத்தலையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு பியேத்ரோவிடம் போனாள்.

“சேர், நான் சொன்னது பிழை. இது பழுதானது.”

பியேத்ரோவின் சிரிப்பு நின்றது. “சற்று முன்புதான் நல்லது என்றாய். தம்பிக்கும் சொல்லிவிட்டேன். நான் எதை நம்புவது?”

“நான் குடித்த முறை பிழை, சேர். எங்கள் வழக்கப்படி குடித்தால் மூக்குக்கும் எட்டாது, நாக்குக்கும் எட்டாது. இப்பொழுது முகர்ந்து பார்த்தேன். தக்கை பழுதாகி வைனையும் கெடுத்திருக்கிறது. மற்றப் போத்தல்களைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.”

அவர் பெட்டியருகே குனிந்தார். பிறகு இரண்டாவது போத்தலை அவள் முன் தள்ளினார்.

தவநாயகி அதைத் திறந்து, கழுவி வைத்த கிண்ணம் ஒன்றில் ஊற்றி, முதலில் முகர்ந்தாள். கனிந்து கறுத்த பழத்தின் மணம். சாக்கு நாற்றம் இல்லை. பின்பு கண்ணை மூடிக்கொண்டு, பிறர் வாய்பட்ட கிண்ணத்தின் விளிம்பில் தன் வாழ்நாளில் முதன்முறையாக உதட்டை வைத்தாள். நாவற்பழம் தின்றாற்போல நாக்கு வறண்டு சுருங்கியது, புளித்தது, விழுங்கிய பின் மெல்லிய கசப்பொன்று தங்கி நின்றது.

“எனக்குப் பிடிக்கவில்லை” என்றாள். “ஆனால் இது சரியாக இருக்கிறது.”

பியேத்ரோ அவளை உற்று நோக்கினார். பிடித்தது என்று சொல்லி அவரை மகிழ்விக்க முயன்றவர்கள் பலர். இப்படிச் சொன்னவர் எவருமில்லை.

“ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வர முடியுமா? எல்லாவற்றையும் நீதான் திறந்து பார்க்க வேண்டும்.”

“வருவேன், சேர்.”

அவர் பழுதான போத்தலை எடுத்துத் தம் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார். “தம்பியின் உழைப்பு. கொட்ட மனம் வரவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதானே.”

தவநாயகி அந்தக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள், கொண்டுபோய்த் தொட்டியிற் கவிழ்த்தாள். வேறொரு கிண்ணத்தில் இரண்டாவது போத்தலிலிருந்து வார்த்து அவர்முன் வைத்தாள்.

“ஒன்றல்ல, சேர்” என்றாள்.