கதவில் இரண்டு புள்ளிகள்

1

என் பெயர் திருவரசு. வயது இருபத்தாறு. இருப்பது ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், லேர் நகரத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் தள்ளி, கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில், ஹில்கே வீட்டு மாடி அறையில், வாடகைக்கு. நான்கு வருடமாக இதே அறை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் குடும்பக் குழுவில் எதைப் போட்டாலும் சித்தப்பா அதை எங்கெங்கோ அனுப்பிவிடுகிறார். அதனால் தெரியாதவர்களுக்கும் சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. போன வாரம் புது மழைச்சட்டை போட்டு ஒரு படம் அனுப்பினேன். சட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா படத்தைப் பெரிதாக்கி, பின்னால் நிற்கும் காரின் கதவில் என்ன கிறுக்கியிருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் அம்மா இரண்டு நாள் தூங்கமாட்டாள். ஆகவே சொல்கிறேன். அது என்னைப் பற்றி எழுதியது இல்லை. என் காரும் இல்லை, எனக்குக் காரே கிடையாது. அது ஹில்கேயின் கார். கதவில் இருந்த சொல்லுக்கு அர்த்தம், பொய்க்காரி.

[நான் வாயால் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதுகிறது. பாலிஷ் என்று சொன்னால் அது போலீஸ் என்று எழுதுகிறது. ‘ஹில்கே மூன்று மணி நேரம் கதவுக்குப் போலீஸ் போட்டாள்.’ எல்லாவற்றையும் திருத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எங்காவது தப்பியிருந்தால், அம்மா, போலீஸ் யாரும் வரவில்லை.]

2

மூன்று தொடக்கங்கள் முயன்றேன்.

‘வானம் சாம்பல் நிறத்தில்…’ இங்கே வானம் என்றைக்கும் அந்த நிறம்தான். விட்டுவிட்டேன்.

‘ஹில்கே ஃப்ரீசென், ஐம்பத்தேழு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கணவனைப் பிரிந்து பதினோரு…’ இதை வைத்தால் அம்மா மீதிக் கதையைப் படிக்காமல் அந்தக் கணவனைப் பற்றி மட்டும் கேட்பாள். விட்டுவிட்டேன்.

மூன்றாவது இது: மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்து நின்ற இடத்தில் கோடு போடக் குனிந்த ஹில்கே கோடு போடாமல் நிமிர்ந்தாள்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

குளிர்காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சாலையில் பந்து உருட்டுவார்கள். இரண்டு ஊர், ஒரே சாலை, ஊருக்கொரு பந்து. ஒரே எண்ணிக்கை வீச்சில் யாருடைய பந்து அதிக தூரம் போகிறதோ அந்த ஊருக்கு வெற்றி. எங்கள் ஊர்ப் பந்து நிற்கும் இடத்தில் சாலையில் கோடு போடுவது ஹில்கேயின் வேலை. பத்தொன்பது வருடமாகப் போடுகிறாள். கோட்டைப் பற்றி யாரும் அவளிடம் வாதாடியதில்லை.

மூன்று வாரம் முன்பு, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊரோடு ஆட்டம். கடைசி வீச்சில் எங்கள் பந்து வளைந்து சாலையோரப் பள்ளத்தை நோக்கிப் போனது. முன்னால் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊர் ஹாப்போவின் காலணியில் பட்டுத் திரும்பி, மறுபடி சாலைக்கு வந்து, இன்னும் நாற்பது மீட்டர் ஓடியது. பதினோரு மீட்டரில் ஜெயித்தோம். வாழ்நாளில் முதல் தடவையாக மேல் பிரிவுக்குப் போகிறோம் என்று ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள். ஹில்கே நடுவரிடம் போய், பந்து காலில் பட்டது, அந்த நாற்பது மீட்டர் செல்லாது என்றாள். படவில்லை என்றான் ஹாப்போ. வேறு யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்க்கவில்லை என்கிறார்கள்.

முடிவை நிறுத்தி வைத்தார்கள். இந்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் வைத்து இரண்டு பேரையும் மறுபடி கேட்பார்கள். ‘சரியாகத் தெரியவில்லை’ என்று ஹில்கே சொல்லிவிட்டால் போதும், ஊர் மேலே போய்விடும். சொன்னதையே சொன்னால் ஊர் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் கதவில் அந்தச் சொல் இருந்தது. இவர்கள் எழுத்தில் எட்டு எழுத்து, சாவியால் கீறியது. கீறியது யாராக இருந்தாலும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர். இரண்டாம் எழுத்தின் தலையில் வரவேண்டிய இரண்டு புள்ளிகளையும் மறக்கவில்லை. சாவி முனையை ஊன்றி, திருகித் திருகி வைத்திருந்தார். நம் மெய்யெழுத்துக்கு ஒரு புள்ளி, இவர்களுக்கு இரண்டு. இங்கே கோபத்திலும் எழுத்துப்பிழை வராது.

யார் செய்தது என்று தேநீர் குடிக்கும்போது ஹில்கேயிடம் கேட்டேன். அவள் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்தினாள். இந்த ஊரில் அதற்குப் போதும், இனி ஊற்றாதே என்று பொருள்.

4

கார்க் கதவைச் சரிசெய்ய ஆள் இல்லாமல் இல்லை. ஊரில் காருக்குச் சாயம் அடிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் ஹாப்போ.

ஆகவே வீட்டுக் கொட்டகையிலேயே. ஹில்கே சுழல் தட்டு வைத்த ஒரு பாலிஷ் இயந்திரத்தை வரவழைத்தாள். மூன்று மாலைகள் காணொளி பார்த்துக் குறிப்பு எடுத்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு வாளித் தண்ணீரில் கதவைக் கழுவினாள். ஒரு வாளி சோப்புக்கு, ஒன்று துணியை அலச. மண் துகள் திரும்பக் கதவுக்குப் போனால் புதுக் கீறல் விழும். கைப்பிடியையும் ஓரங்களையும் நாடா ஒட்டி மூடினாள். யார் கண்ணிலும் படாத கீழ் மூலையில் முதலில் சோதித்துப் பார்த்தாள்.

எதற்கு இவ்வளவு அவசரம், ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய்விடலாமே என்று கேட்டதற்கு அவள் சொன்னது இது:

“கதவுல இருக்கறத முதல்ல படிச்சிடுவாங்க. அப்புறம் நான் வாயத் தொறந்து சொல்றத யாரு கேப்பா?”

[முதல் வரைவில் நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே பிடித்தேன். ஆனால் கதையில் எனக்கு அங்கே வேலை இல்லை. என்னை எடுத்துவிட்டேன். விளக்கு இப்போது ஏணியில் தொங்குகிறது.]

ஒரு விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. கீறலை யாராலும் எடுக்க முடியாது. கீறல் என்பது பூச்சு இல்லாத இடம், இல்லாததை எப்படி எடுப்பது? சுற்றியிருக்கிற பூச்சைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறார்கள். பளபளக்கும் மேல்பூச்சோ ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். எவனோ ஐந்து நிமிடத்தில் எழுதிய ஒரு சொல்லைப் போக்க ஒரு கதவு மொத்தமும் மெலிய வேண்டியிருக்கிறது. இந்தக் கதையையும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். வானத்தை எடுத்தேன், கணவனை எடுத்தேன், என்னை எடுத்தேன். அதிகம் தேய்த்தால் அடியில் இருக்கும் இரும்பு தெரியும் என்கிற பயத்தோடு

[வாக்கியம் முடியவில்லை. பேருந்தில் ஏறிவிட்டேன். மீதி இங்கிருந்து.]

5

நேற்று, சனிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஹில்கே தேய்த்தாள். கதவு கண்ணாடியாக மின்னியது. சொல் இல்லை. தன் முகம் கரும்பச்சையில் தெரிவதைப் பார்த்து அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள்.

அப்போது ஹாப்போ வந்து கொட்டகை வாசலில் நின்றான்.

[இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், நீ என்றுதான் பேசிக்கொள்வார்கள். நானும் ஹில்கேயை நீ என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் வருடக் கடைசியில் அவளே அப்படிக் கூப்பிடச் சொன்னாள். அம்மா, இங்கே அது அவர்கள் கொடுக்கிற மரியாதை.]

“மொயின்,” என்றான்.

“மொயின்,” என்றாள். இங்கே வணக்கத்துக்கு ஒரே சொல்தான். சண்டைக்காரனுக்கும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவன் கதவைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் தட்டைப் பார்த்தான்.

“சாய்ச்சுப் புடிச்சிருக்க. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாரு. இப்படியே போனா ஓரம் சூடாகி மேல்பூச்சு புட்டுக்கும்.”

“உன்னக் கேட்டேனா?”

“கேக்கல. பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

அவன் உள்ளே வந்து, ஒரு துணியில் ஆல்கஹாலை நனைத்து, கதவை மேலிருந்து கீழாக ஒரு முறை துடைத்தான். துடைத்த இடத்தில் சொல் திரும்ப வந்தது. கொஞ்சம் மங்கல், ஆனால் எட்டு எழுத்தும் இருந்தன. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பார்வைக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும், இரண்டு மழை பெய்தால் வெளுத்துவிடும் என்று விளக்கினான். மூன்று மணி நேரமாக அவள் அதை அழிக்கவில்லை, மூடி வைத்திருக்கிறாள்.

அவன் விரல் நகத்தை எழுத்துகளின் மேல் குறுக்காக ஓட்டினான். எங்கும் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு புள்ளியில் மட்டும் சிக்கியது.

எழுத்தெல்லாம் தேய்த்தால் போய்விடும், தட்டை நேராகப் பிடித்து மெதுவாகப் போனால் போதும் என்றான். புள்ளிகள் அடிவரை போயிருக்கின்றன. அங்கே சாயம் வைத்து நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் நீர்த்தாளால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால், சமப்படுத்த வேண்டும். காயாமல் தேய்த்தால் பிடுங்கிக்கொண்டு வரும்.

“நாளைக்குப் பத்து மணிக்கு எனக்குக் காரு வேணும்.”

“என் பட்டறையில சூடு விளக்கு இருக்கு. ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். சாயங்காலத்துக்குள்ள கதவு புதுசா இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது.” துணியை மடித்து வைத்தான். “நாளைக்கு அவங்க கேட்டா, வெயில் கண்ணுல அடிச்சுச்சு, சரியாத் தெரியலன்னு சொல்லிடு. யாரு உன்னக் குத்தம் சொல்லப் போறா?”

“அன்னைக்கு மழை, ஹாப்போ.”

“சரி. மழை கண்ணுல அடிச்சுச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். நாற்பது வருடம் ஒரே சாலையில் நடந்தவர்கள், அதற்கு மேல் சண்டை போடத் தெரியவில்லை. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“உன் காலுல பட்டுச்சா, இல்லயா? எனக்காகச் சொல்ல வேண்டாம். இந்தக் கொட்டகைக்குள்ள மட்டும் சொல்லு.”

ஹாப்போ தன் காலணியைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த நீர்த்தாள் இரண்டை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தான்.

“திங்கக்கெழம தேய். சோப்புத் தண்ணி தொட்டுக்கோ. அழுத்தாத.”

போய்விட்டான்.

6

[நீக்கிவிட்டேன். ஹாப்போவின் குழந்தைப் பருவம் இருந்தது. நானாகக் கற்பனை செய்தது.]

7

ஹாப்போவை என்னால் நம்ப முடியவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்பதில்லை, என் கதையில் அவன் சரியாக நிற்கமாட்டேன் என்கிறான். நீர்த்தாளை அவன் வீட்டிலிருந்தே மடித்து எடுத்து வந்திருக்கிறான். பேரம் பேச வந்தவன் அதை எதற்குக் கொண்டுவர வேண்டும்? உதவ வந்தவன் பேரம் எதற்குப் பேச வேண்டும்? ஹில்கேயிடம் கேட்டேன். “அவன் வச்சிட்டுப் போனான், நான் எடுத்துக்கிட்டேன்,” என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே இல்லை.

அவன் போனபின் அவள் மறுபடி தொடங்கினாள். தட்டை நேராகப் பிடித்தாள். ஒரு கையளவு இடம், நாலு முறை குறுக்கே, நாலு முறை நெடுக்கே, ஆல்கஹால், விளக்கைச் சாய்த்துப் பார்ப்பது, மறுபடி. எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. மாலை ஆறரைக்குத் துடைத்துப் பார்த்தபோது ஒரு எழுத்தும் இல்லை. தோள் பட்டையைத் தூக்க முடியாமல் இடது கையால் தேநீர் ஊற்றினாள். புள்ளிகளில் சாயம் வைத்தாயிற்று. அவை மட்டும் ஈரமாக, இரண்டு சிறு பருக்கள் போலக் கதவில் நின்றன.

இனி முடிவுகள்.

முடிவு அ. நேற்று இரவே ஹில்கே பட்டறைக்குக் காரை ஓட்டிப் போகிறாள். காலையில் சரியாகத் தெரியவில்லை என்கிறாள். ஊர் மேலே போகிறது. முதல் பியரை அவள் கையில் கொடுக்கிறார்கள். [சித்தப்பாவுக்குப் பிடிக்கும்.]

முடிவு ஆ. கூட்டத்தில் ஹாப்போ எழுந்து, பட்டது என்று தானே சொல்கிறான். இதை எழுதப் பார்த்தேன். நான்கு முறை அவன் வாயைத் திறக்க வைத்தேன். நான்கு முறையும் என் குரலில்தான் பேசினான்.

முடிவு இ. சாவியால் கீறியவர்

[தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஹில்கே முயலவில்லை.]

8

இன்று காலை நடந்தது. இதற்கு மட்டும் என்னைத் திரும்பக் கதைக்குள் விடுகிறேன், ஏனென்றால் அவளிடம் பேசியது நான்.

ஒன்பதரைக்கு ஹில்கே கிளம்பினாள். புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள், இன்னும் காயவில்லை. கதவில் வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு புள்ளிக்குக் கீழே என்ன இருந்தது என்று ஊருக்கே தெரியும். சங்கக் கட்டடத்தில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிற மாதிரி காரை நிறுத்திவிடச் சொன்னேன்.

“அதுதான் நான் எறங்குற பக்கம்,” என்றாள்.

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தம். மணி பத்து இருபது. இந்நேரம் அவளைக் கேட்டிருப்பார்கள். ராத்திரி வீட்டுக்குப் போனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். காத்திருந்து அதையும் எழுதலாம். எழுதப் போவதில்லை. தெரிந்தபின் எழுதினால், அவள் ஜெயித்ததாலோ தோற்றதாலோதான் அவள் சொன்னது சரி அல்லது தவறு என்று ஆகிவிடும்.

ஆகவே இதைப் படிப்பது யாராக இருந்தாலும், ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீதியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஊர் மேலே போகட்டும், போகாமல் இருக்கட்டும். ஹாப்போ பேசட்டும், பேசாமல் இருக்கட்டும். ஹில்கேயை மட்டும் ‘சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்ல வைத்துவிடாதீர்கள்.