கல்மண்டபத்தில் வாங்கிய மட்டை

மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்கு நான் மாற்றலாகி வந்தது 2001 ஜனவரியில். மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகள் மகிழினி கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். மணலி புதுநகரில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். வேலை நாட்களில் குறை ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் திங்கட்கிழமை காலை வரை பேச ஆள் கிடையாது. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே பால் பூத்தில் மணி கேட்டிருக்கிறேன்.

தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த வெற்று நிலத்தில் ஞாயிறுதோறும் மூன்று அதிகாரிகள் கோல்ஃப் ஆடினார்கள். அவர்களாகவே மூன்று குழி தோண்டி, சுற்றி மணல் கொட்டி, கொடி நட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் மேலாளர் மனோகரன். ஒருநாள் ஸ்டோர்ஸுக்கு வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “நாலு பேரா இருந்தா ஆட்டம் நல்லா இருக்கும், தண்டபாணி. பந்தை நேரா அடிக்கக் கத்துக்கிட்டு வாங்களேன், சேர்த்துக்கறோம்.”

அவர் அதை அன்றே மறந்திருப்பார். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு வழியாகத் தெரிந்தது.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் கப்பல்களிலிருந்து இறங்கும் பழைய சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. ரப்பர் பூட்ஸ், பைனாகுலர், பீங்கான் தட்டு எல்லாம் கலந்து கிடக்கும். கடைக்கார அம்மாள் ஷரீஃபுன்னிசா, மூலையில் சாத்தியிருந்த கோல்ஃப் மட்டை ஒன்றைத் துடைத்து நீட்டினார்.

“கொரியா கப்பல் கேப்டன் வச்சிகினு இருந்தது சார். டிரைவர்னு பேரு. மொத அடி இத்தாலதான் அடிப்பாங்களாம்.”

“நல்லா இருக்குமாம்மா?”

“நான் இன்னா கோல்ஃபா ஆடிகினு கீறேன்? புடிச்சா எட்த்துகினு போ. ஆறு பந்து கீது, அதையும் சேத்து எட்த்துக்கோ.”

கைப்பிடி ரப்பர் கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மறு ஞாயிறு முதல் எண்ணூரில் உப்பளத்தை ஒட்டிய பொட்டலுக்குப் போனேன். மட்டையின் தட்டையான முகம் பந்தைப் பார்க்கவேண்டும் அல்லவா? எப்படி நின்றால் பார்க்கிறதோ அப்படி நின்றேன். ஆறு பந்தையும் அடிப்பேன்; நடந்து போய்ப் பொறுக்குவேன்; அங்கிருந்து திருப்பி அடிப்பேன். முதல் இரண்டு மாதம் மண்தான் பறந்தது. மூன்றாம் மாதம் பந்து கிளம்பியது. ஏழாம் மாதம் நேராகப் போனது.

அங்கே வலை உலர்த்த வரும் தேசப்பன் ஒருநாள் கேட்டார்: “இன்னா சார், நீயே அடிச்சுட்டு நீயே போய் எட்த்துகினு வர்றே. கூட ஆளு இல்லியா?”

“வருவாங்க” என்றேன்.

அக்டோபரில் மனோகரனிடம் போய், எட்டு மாதமாக அடித்துப் பழகியதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் வரச் சொன்னார்.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூவரும் வந்தார்கள். மனோகரன், கணக்குப் பிரிவு ஜெயவேல், தொழிற்சாலை டாக்டர். முதல் அடியை எனக்கே கொடுத்தார்கள். பந்து கொடியை நோக்கி நூல் பிடித்தாற்போல் போய், இருநூறு கஜம் தாண்டி விழுந்தது. டாக்டர் கைதட்டினார்.

“நீங்க இடது கைப் பழக்கமா, தண்டபாணி?” என்றார் மனோகரன்.

“இல்லீங்க சார். எல்லாம் வலது கைதான்.”

ஜெயவேல் மட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். “சரியாப் போச்சு. இது இடது கைக்காரன் மட்டை சார். எட்டு மாசமா ஒருத்தரும் உங்ககிட்டச் சொல்லலையா?”

“சொல்றதுக்குக் கூட யாரும் இல்லீங்களே.”

சிரிப்பு நின்றுவிட்டது.

டிரைவரால் ஆட்டத்தைத் தொடங்கலாம். முடிக்க வேறு மட்டைகள் வேண்டும். மூன்று பைகளிலும் இருந்தவை வலது கை மட்டைகள். மனோகரன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். வலது பக்கம் திரும்பி நின்று வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி வீசினேன். உடம்பு அந்தப் பக்கம் பழகவே இல்லை. கடைசியில் டிரைவராலேயே தட்டித் தட்டி முதல் குழியில் போட்டேன், பதினேழு முறை அடித்து. அதுவரை காத்திருந்தார்கள். இரண்டாவதிலும் காத்திருந்தார்கள். மூன்றாவதில் ஜெயவேல், “நீங்க மெதுவா வாங்க சார்” என்றார். நான் முடித்தபோது ஜீப் புறப்படும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை மனோகரன் அழைத்தார். “என் பழைய மட்டை ஒண்ணு தரேன், தண்டபாணி. வலது கையில முதல்லேர்ந்து கத்துக்குங்க. அதே எட்டு மாசம்தானே?”

அந்தப் பொட்டலும் ஆறு பந்தும் கண்முன் வந்தன.

“வேண்டாங்க சார். முதல் அடியை மட்டும் அடிச்சுட்டு, சும்மா கூட நடந்து வரட்டுமா?”

சற்று யோசித்தார். “அதுக்கென்ன, வாங்க.”

அடுத்த ஞாயிறு போனேன். முதல் பந்தை அடித்தேன், நேராகப் போனது. வழியில் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். மாற்றல், பிள்ளைகளின் கல்லூரி, ஜெயவேலின் மாமனாருடைய பிடிவாதம் என்று பேசிக்கொண்டே போனார்கள். எனக்கென்று அதில் ஒன்றுமில்லை. இரண்டு பேர் நடக்கும் அகலத்துக்குத்தான் பாதை. டாக்டரே சில இடங்களில் பின்தங்கினார். நான் அவருக்கும் பின்னால்.

இரண்டாம் குழியில் ஜெயவேல் அடித்த பந்து எங்கேயோ போயிற்று. மூவரும் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்கள்.

“சார், எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?” என்று என் பக்கம் திரும்பினார் ஜெயவேல்.

அன்று காலை என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

“பாத்தேன்” என்று சொல்லி, வேலிகாத்தான் புதரை நோக்கி முன்னால் நடந்தேன்.