எடுத்துக் கொடுத்த குரல்

இருபத்தெட்டு வருஷம் பம்பாய் சினிமாவில் குப்பை கொட்டிய ஹில்டா ரெபெல்லோ அதுவரை ஒரு டப்பிங் தியேட்டருக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தலை அலங்காரம் செய்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? இருட்டறையில் மைக் முன்னால் நின்று பேசுகிறவர்களுக்குக் கொண்டை எதற்கு? செட்டில் பேக்கப் என்று குரல் கேட்டதும் ஹில்டாவின் உலகம் முடிந்துவிடும். சீப்பு, ஊசி, சவுரி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு பாந்த்ராவுக்கு ரயிலேறிவிடுவாள். அதற்கப்புறம் படம் எங்கே போகிறது, அதற்கு என்ன செய்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

செட்டில் பதிவாகிற சத்தம் எல்லாம் தூக்கிப் போடுகிற சத்தம் என்று அவள் நினைத்திருந்தாள். அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். காமிராவின் இரைச்சல், லைட்காரர்களின் இருமல், வெளியே கத்துகிற காக்காய் எதுவும் படத்தில் வராது. நடிகர்கள் பிறகு தனியாக வந்து பேசிக் கொடுத்துவிடுவார்கள். அந்த தைரியத்தில்தான் மூன்று மாதமாக சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்குப் பக்கவாட்டிலும் குந்தியிருந்து, மஞ்சரி மேடத்துக்கு வரி வரியாக வசனம் எடுத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை, மாஹிம் மாதா கோவில் நொவேனா ஜெபத்தைக்கூட விட்டுவிட்டு மேடத்தோடு டப்பிங்குக்கு வந்திருந்தாள். மேடம் இப்போதெல்லாம் அவள் இல்லாமல் எங்கும் போவதில்லை. ரெக்கார்டிஸ்ட் ரூசி பார்சிக்காரர், மேடத்துக்குப் பழகின மனிதர், எல்லாருக்கும் பாவா. மைக்கை உயர்த்திக்கொண்டே, முதலில் ஷூட்டிங் சத்தத்தோடு ரெண்டு மூன்று தடவை ஓட்டுவேன், மேடம் அதைக் கேட்டு அதே அளவில் பேச வேண்டும் என்று விளக்கினார்.

"எல்லா சத்தமும் கேக்குமா, பாவா?" என்றாள் ஹில்டா.

"எல்லாம் கேக்கும். உன் வளையல் சத்தம்கூட."

ஹில்டா பெட்டியை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

மஞ்சரியின் உண்மைப் பெயர் கைசர் ஜஹான். பதினாலு வயதில் லக்னோவிலிருந்து தாயோடு வந்து இறங்கியபோது, அந்தப் பெயர் போஸ்டரில் ஓடாது என்று ஒரு தயாரிப்பாளர் தீர்ப்புச் சொல்லி, தன் மனைவியிடம் கேட்டு மஞ்சரி என்று வைத்தார். பெயரைக் கொடுத்த புண்ணியவான் பெற்ற தாயைக் கேட்கவில்லை. ஆனால் நாக்கை யாராலும் மாற்ற முடியவில்லை. லக்னோவின் அந்தப் பேச்சு, ஒவ்வொரு எழுத்தும் தேய்த்து வைத்த வெள்ளிப் பாத்திரமாக வெளியே வரும். வசனத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும். ரெண்டு பக்கமானாலும் ஒரே டேக்கில் கொட்டிவிடுவாள். அவளுடைய பதினோரு படங்கள் வெள்ளி விழா கண்டன. பாட்டுக்கு மட்டும் வேறு குரல். பேச்சுக்கு ஒருநாளும் இல்லை. அதில் அவளுக்குக் கர்வம் இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

அத்தனைக்கும் பின்னால் அம்மீ, அவளைப் பெற்ற தாய், இருந்தாள். ஆரம்பத்தில் காமிராவுக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். முழங்கால் விட்டுப்போன பிறகு ஸ்டுடியோ வாசலில் ஃபியட்டின் கதவைத் திறந்துவைத்து, மடியில் வெற்றிலைப் பெட்டியோடு இருப்பாள். மகளைக் கல்யாணம் செய்துகொள்ள வந்து கேட்ட ஒரு நல்ல காமிராமேனை அந்தக் கார் ஜன்னல் வழியாகவே பேசித் திருப்பி அனுப்பினாள். ஊரே மஞ்சரியைக் கொண்டாடியபோது அம்மீ மட்டும் ஒருநாளும் நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. மூன்றாவது வரியில் மூச்சு வாங்கிவிட்டாய் என்பாள், வண்டியைக் கிளப்பச் சொல்வாள். அவள் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது.

அதற்குள் சினிமா மஞ்சரிக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டது. ஆறு வருஷம் முன்பு அவளோடு மரத்தைச் சுற்றிப் பாடின கதாநாயகன் இப்போது காலைத் தொட்டு அம்மா என்று அழுதான். "என்னைவிட ரெண்டு வயசு பெரியவன்டி அவன். ஆசீர்வாதம் பண்ணும்போது விக்கு நழுவுது," என்று மஞ்சரி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே ஹில்டா அவளைக் கும்பிடலாம்.

மறதி மெல்ல வந்தது. இன்றைக்கு யாரோடு ஷூட்டிங் என்று ஒரே காலையில் நாலு தடவை கேட்டாள். பிறகு இந்தப் படத்தின் முதல் வாரத்தில், ஒரே ஒரு வரி, வரவில்லை. பத்தாவது டேக்கில் தயாரிப்பாளரின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஹில்டா உதவி டைரக்டர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு, கொண்டை சரிசெய்கிற சாக்கில் சோபாவுக்குப் பின்னால் போய்க் குந்தினாள். காமிரா ரொம்ப இரைகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று மேடத்திடம் சொன்னாள். மேடம் அவள் சொல்லச் சொல்லச் சொன்னாள். சாயங்காலம் அதை மறந்தும் போனாள்.

செட்டில் இருந்தது ஒரு டீக்கு ரகசியத்தை விற்கிற கூட்டம். ஆனால் அந்த அறுபது பேரில் ஒருவர்கூட வெளியே மூச்சு விடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எடுத்துக் கொடுத்து நான் பேசினதில்லை என்று மஞ்சரி ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னபோது யூனிட் முழுவதும் தரையைப் பார்த்தது. ஹில்டா யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் போய்க் கேட்டாள். இது ஏறுமே தவிர இறங்காது என்றார் அவர். அதை அவள் மேடத்திடம் சொல்லவில்லை. இந்தப் படம் முடிகிற வரை மேடத்துக்கு இது தெரிய வேண்டாம் என்பதே அவள் மாதாவிடம் வைத்த வேண்டுதல்.

விளக்கு அணைந்தது. திரையில் மஞ்சரி, பின்னால் ஏழை வீட்டுச் சுவர், எதிரே கடத்தல்காரனாகிவிட்ட மகன். ஒலிபெருக்கியில் முதலில் வந்தது ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற மாதிரி ஒரு தட்டையான பாந்த்ராக் குரல். "இந்த வீட்டுக் கதவு உனக்கு என்னிக்கும் திறந்திருக்கும்." அதன் பிறகு மஞ்சரி அதையே சொன்னாள். மறுபடி தட்டைக் குரல்: "உன் பணத்துக்குத் திறக்காது." மறுபடி மஞ்சரி. அந்த இழுவையோடு, ஹில்டாவின் அதே இழுவையோடு.

டப்பிங்கில் படத்துண்டு முடிந்ததும் தானே திரும்ப ஓடும். மறுபடி ஹில்டா, மறுபடி மஞ்சரி. மறுபடி.

"யாரு அது? நடுவுல யாரு பேசறா?" என்றாள் மஞ்சரி.

ரூசி மெஷினை நிறுத்தினார். மஞ்சரி திரும்பி, மூலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"எத்தனை சீன், ஹில்டா?"

"எல்லாம், மேடம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் பங்கஜ் தொண்டையைக் கனைத்தான். சின்னப் பையன், கெட்டவன் இல்லை. மேடத்துக்குச் சிரமமாக இருந்தால் அச்சு அசலாக அவள் மாதிரியே பேசுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னான். ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காப்பாற்றப் பார்த்ததெல்லாம் அவள் குரலாலேயே போயிற்று.

மஞ்சரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"என் மூஞ்சியில இன்னொருத்தி பேசினதில்ல, பங்கஜ். இனிமேலும் பேச வேண்டாம். ரூசி, அவ குரலை எடுத்துடாதீங்க. அவ சொல்லட்டும், நான் பேசறேன்."

அப்படித்தான் நடந்தது. ரூசி வழக்கத்தை மாற்றி, பேசும்போதும் பழைய சத்தம் மேடத்தின் காதில் மட்டும் கேட்கும்படி வைத்தார். காதுக்குள் ஹில்டாவின் கோணல் பேச்சு, வாயிலிருந்து லக்னோ. ஒவ்வொரு வரியும் திரையில் அவள் உதட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ரூசி ரெண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், மறுநாள் காலை மஞ்சரிக்கு அது எதுவும் நினைவில் இல்லை. விளக்கு அணைந்து, குரல் வந்ததும், யாரு அது என்றாள். எத்தனை சீன் என்றாள். ஹில்டா மறுபடி சொன்னாள், எல்லாம் மேடம் என்று. மறுபடி அந்த முகம் வாடுவதைப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும். ஞாயிறு போக ஆறு நாள், ஆறு காலை, ஒவ்வொன்றும் மஞ்சரிக்கு முதல் தடவை. பொய் சொல்லிவிடலாம் என்று ஹில்டாவுக்கு மூன்றாம் நாள் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த அடியை வாங்கிக்கொண்டு, தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் நடித்ததிலெல்லாம் பெரியது அந்த ஆறு காலைகள்தான். அதைப் பார்த்தது மூன்று பேர்.

கடைசித் துண்டு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. படத்தின் முடிவு. ரயில் நிலைய பெஞ்சில் தாய் மகனுக்காகக் காத்திருக்கிறாள். வசனம் ரெண்டே வரி. அதைப் பேசி முடித்ததும் கட் என்ற குரல் கேட்டது; ஆனால் காமிரா நிற்கவில்லை. திரையில் மஞ்சரியின் முகம் கலைந்தது. கூட்டத்தில் கையைத் தவறவிட்ட குழந்தையாக அங்கும் இங்கும் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒலிபெருக்கியில் அவள் குரல், சின்னக் குரல்:

"அம்மீ எங்கே? இன்னும் வரலையா?"

தட்டைக் குரல் உடனே பதில் சொன்னது. "கார்ல இருக்காங்க மேடம். வெளியில கார்லதான் இருக்காங்க."

துண்டு திரும்ப ஓடியது. அம்மீ எங்கே. கார்ல இருக்காங்க. அம்மீ எங்கே. கார்ல இருக்காங்க. ரூசிக்குக் கை ஓடவில்லை. மூன்றாவது தடவைதான் நிறுத்தினார்.

பங்கஜ் கண்ணாடி அறையை விட்டே வெளியே வந்துவிட்டான். அந்தப் பார்வை அவ்வளவு நன்றாக இருந்ததால் வெட்ட மனம் வரவில்லை, சத்தத்தைத் தான் கவனிக்கவில்லை, இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று உளறினான். மஞ்சரி அவனைக் கவனிக்கவில்லை.

"இப்படி அடிக்கடி கேட்டேனா?"

"எப்பவாவது, மேடம்."

"பொய் சொல்லாதே."

"தினமும்."

"தினமும் கார்லதான் இருந்தாளா?"

"ஆமா, மேடம்."

மஞ்சரி அழவில்லை. அழுதிருந்தால் ஹில்டாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உதட்டசைவுக்கு அம்மீ என்பது வேண்டாம், எங்கே என்பது போதும் என்று அவளே பங்கஜிடம் சொன்னாள். மகனைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு மைக் முன்னால் நின்று, திரையில் தொலைந்துபோய் நின்ற தன்னையே பார்த்துக்கொண்டு, "எங்கே? இன்னும் வரலையா?" என்று பேசிக் கொடுத்தாள். ஒரே டேக். பின்னால் பத்திரிகைகள் அந்த இடத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன. தாய்மையின் தவிப்பு என்று ஒருவர் எழுதினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

வெளியே வருமுன் மஞ்சரி ஹில்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இனிமேலும் கேட்பேன். செத்துட்டானு மட்டும் சொல்லிடாதே. ஒவ்வொரு தடவையும் புதுசா சாக விட்டுடாதே அவளை. கார்லயே இருக்கட்டும்."

"சரி, மேடம்."

கார் ஜுஹூ பக்கம் திரும்பியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மஞ்சரி ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். ஹில்டா அவள் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது. மஞ்சரி முன் சீட்டைப் பார்த்தாள். டிரைவருக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் திரையில் கலைந்த மாதிரியே கலைந்தது.

"ஹில்டா, அம்மீ எங்கே?"

ஹில்டாவின் கை ஊசியோடு அப்படியே நின்றது. இத்தனை நாள் சொல்லிவந்த வரி இப்போது உதவாது, இது கார். தாளில் எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை. சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தது.

"தியேட்டருக்கு உள்ளதான் இருந்தாங்க, மேடம். பிரம்பு நாற்காலியில. நீங்க பேசினதை ஆரம்பத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. பின்னாடி வண்டியில வராங்க."

மஞ்சரியின் கண்ணில் பயம் வந்தது. பதினாலு வயதுப் பயம். "என்ன சொன்னா?"

செட்டில் எடுத்துக் கொடுக்கிற அதே தட்டைக் குரலில் ஹில்டா சொன்னாள். "ரொம்ப நல்லா இருந்ததுன்னாங்க. ஒரு தப்பு இல்லைன்னாங்க."

மஞ்சரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் உதடு அசைந்தது. ஹில்டா சொன்ன அதே வரியை, ஹில்டாவின் அதே இழுவையோடு, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு தப்பு இல்ல."